மரூசோ பூட்டிய கோயில்

ஜூன் கடைசி செவ்வாய்க்கிழமை காலை மரூசோ கோயில் கதவைத் திறந்தபோது உள்ளே விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

அவள் விளக்கேற்றுவது சனிக்கிழமை சாயங்காலம். ஊற்றுகிற எண்ணெய் ஞாயிறு மதியம் வரை வரும். செவ்வாய்க்கிழமை எரிய வழியே இல்லை. கண்ணாடிக் கிண்ணத்தில் விரலைத் தோய்த்து முகர்ந்து பார்த்தாள். அவளுடைய எண்ணெய் இல்லை. அவளுடையது போன வருஷத்து ஆலிவில் ஆட்டியது, லேசாகக் காறல் அடிக்கும். இது நல்ல எண்ணெய். அதுதான் அவளை அதிகம் கலக்கியது. அடுத்தவர் கோயிலுக்கு யார் நல்ல எண்ணெய் ஊற்றுவார்கள்?

விளக்கு எரிந்தால் நல்லதுதானே என்று வெளியூர்க்காரர்கள் சொல்லலாம். எங்கள் தீவில் குன்றுக்கு ஒன்று, குடாவுக்கு ஒன்று என்று கிறிஸ்தவச் சிற்றாலயங்கள் இருக்கின்றன. நாலு பேர் நின்றால் உள்ளே இடம் முடிந்துவிடும். ஒவ்வொன்றும் ஒரு குடும்பத்துடையது. பெரும்பாலானவற்றுக்குப் பத்திரம் கிடையாது. யார் வருஷாவருஷம் சுண்ணாம்பு அடிக்கிறார்கள், யார் விளக்கேற்றுகிறார்கள், புனிதரின் திருநாளன்று வந்தவர்களுக்கெல்லாம் யார் விருந்து போடுகிறார்கள் என்று ஊர் பார்க்கும். கோயிலும் அதைச் சுற்றியுள்ள நிலமும் அவர்களுடையது. அடுத்தவர் கோயிலில் சொல்லாமல் விளக்கேற்றுவது அடுத்தவர் வயலில் சொல்லாமல் ஏர் கட்டுவது மாதிரி.

மரூசோ அன்று விளக்கை ஊதி அணைக்கவில்லை. அணைத்தால் பாவம். ஆனால் எண்ணெய் தீரும்வரை வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தாள், ஏற்றியவன் திரும்பி வருவான் என்று.

நான் துறைமுகத்துக்கும் அந்தக் குடாவுக்கும் நடுவே பஸ் ஓட்டுகிறவன். கோடையில் ஒரு நாளைக்கு ஐந்து நடை. கடைசி நிறுத்தம் மரூசோவின் கடை வாசல். நாணல் கூரை போட்ட சின்னக் கடை. குளிக்க வருகிறவர்களுக்குக் குளிர்ந்த தண்ணீர், தர்ப்பூசணி, சீஸ் வைத்துப் பொரித்த அடை, வறுத்த மீன் விற்பாள். கடைக்குப் பின்னால் கல் சுவர் கட்டிய நிலம். நிலத்தின் மேல் ஓரத்தில் கடலைப் பார்த்தபடி புனித சோசோன் கோயில். நிலமும் கோயிலும் அவள் அம்மா சீதனமாகக் கொண்டுவந்தவை. அம்மாவிடமிருந்து இவளுக்கு வந்தன. எங்கள் பக்கத்தில் வீடும் நிலமும் பெண் வழியாகத்தான் இறங்கும்.

அவளுக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயது. சந்தேகப்படுவதில் அவளுக்கு நிகர் தீவில் யாரும் கிடையாது. மாவுச் சட்டியின் மேல் கல்லை வைத்து மூடினால், கல்லின் எந்தப் பக்கம் கடலைப் பார்த்திருந்தது என்று ஞாபகம் வைத்துக்கொள்வாள். அவள் கணவன் மார்கோஸ் சரக்குக் கப்பலில் சமையல்காரன், வருஷத்தில் எட்டு மாதம் கடலில் இருப்பான். முன்பெல்லாம் அவன் கடிதம் போட்டால் தபால் முத்திரையில் உள்ள ஊரையும் கப்பல் போன வழியையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவாள். இப்போது போனில் முகம் பார்த்துப் பேசுகிறார்கள். பேசி முடிக்கும் முன், "போனைத் திருப்பு. பின்னால என்ன இருக்குன்னு காட்டு," என்பாள். மார்கோஸ் சலிக்காமல் சமையலறை முழுவதையும் சுற்றிக் காட்டுவான்.

விடுமுறைக்கு வருகிறவர்கள் மேல் அவளுக்கு இருந்த சந்தேகம் தனி. பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்களிடம் எத்தனை நாள் தங்குகிறார்கள் என்று கேட்பாள். மூன்று நாள் என்றால் சரி. பதினாலு நாள் என்றால் என் பக்கம் திரும்புவாள்.

"பதினாலு நாள் இங்க என்னடா பண்ணுவாங்க? ஒரு நாள் கடல்ல குளிக்கலாம். மறுநாளும் அதே கடல்தானே?"

"ஓய்வெடுக்க வர்றாங்க, மரூசோ."

"ஓய்வெடுக்கறவன் எதுக்கு என் சுவரைப் போட்டோ எடுக்கறான்?"

சந்தேகத்துக்கு அவளிடம் காரணமும் இருந்தது. அவள் அம்மா ஒரு காலத்தில், குடாவின் மறுகோடியில் இருந்த இன்னொரு நிலத்தை ஏதென்ஸ்காரர் ஒருவருக்குக் கூடாரம் போட இரண்டு கோடைக்கு விட்டார். மூன்றாம் கோடையில் கூடாரத்துக்கு அஸ்திவாரம் முளைத்தது. இப்போது அங்கே நீச்சல்குளம் வைத்த வீடு நிற்கிறது.

அந்த வருஷம் சந்தேகத்தோடு ஒரு கெடுவும் சேர்ந்துகொண்டது. தீவின் நிலங்களையெல்லாம் அளந்து பதிவு செய்ய அரசாங்கம் சொல்லியிருந்தது. செப்டம்பர் பதினைந்துக்குள் ஒவ்வொருவரும் தன் நிலத்தைக் காட்டிப் பெயரை ஏற்ற வேண்டும். பத்திரம் இல்லாதவர்கள், பல வருஷமாகத் தாங்கள்தான் அனுபவித்து வருகிறோம் என்று எழுதி, பக்கத்து நிலத்துக்காரரின் கையெழுத்தோடு கொடுக்க வேண்டும். மனு தயாரித்த இன்ஜினியர் மரூசோவிடம் சொன்னது இவ்வளவுதான்: "யாக்குமிஸ் கையெழுத்துப் போட்டா கோயிலும் நிலமும் உங்களுது. போடலைன்னாலோ, நிகீதாஸ் ஆட்சேபணை சொன்னாலோ, கோர்ட்டுதான்."

யாக்குமிஸ் ஆடு மேய்க்கிறவர். கோயிலுக்கு மேலே உள்ள மேய்ச்சல் நிலம் அவருடையது.

நிகீதாஸ் மரூசோவின் சித்தி மகன். துறைமுகத்தில் பன்னிரண்டு அறை கட்டி விடுமுறைக்காரர்களுக்கு வாடகைக்கு விடுகிறவன். நிலம் மரூசோ அம்மாவுக்குப் போனாலும் கோயில் அக்கா தங்கை இரண்டு பேருக்கும் பொது என்று காபிக்கடையில் உட்கார்ந்து பத்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். ஆனால் ஒரு முறைகூடச் சுண்ணாம்பு வாளியைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் வந்ததில்லை.

ஆகவே அந்தச் செவ்வாய்க்கிழமை விளக்கை யார் ஏற்றினார்கள் என்பதில் மரூசோவுக்கு இரண்டாவது எண்ணமே இல்லை.

"ஆரம்பிச்சுட்டான். இந்த வருஷம் பூரா விளக்கேத்திட்டு, நானுந்தான் பாத்துக்கறேன்னு போய் எழுதிக் குடுப்பான்," என்றாள் என்னிடம்.

"நிகீதாஸ் என் பஸ்ல வரலையே. அவனுக்கு முட்டி வலி. இவ்வளவு தூரம் நடந்தும் வர மாட்டான்."

"அவன் வர மாட்டான். ஆளனுப்புவான்."

வியாழக்கிழமை மறுபடியும் விளக்கு எரிந்தது. சனிக்கிழமை அவள் ஏற்றப் போனபோது அவளுக்கு முன்பே எரிந்துகொண்டிருந்தது. அன்று வாசற்படியில் கோதுமை மாவைச் சலித்துத் தூவிவிட்டு வந்தாள். மறுநாள் போய்ப் பார்த்தால் மாவில் ஆட்டுக் குளம்பு. பாதி மாவை ஆடு நக்கிவிட்டிருந்தது. யாக்குமிஸின் ஆடு ஏன் கோயில் வாசலுக்கு வந்தது என்று அதையும் இரண்டு நாள் யோசித்தாள். அடுத்து மாவுக்குப் பதில் சாம்பல் தூவினாள். இந்த முறை மனிதக் கால்கள். செருப்பில்லாத ஈரக் கால்கள். பெரியது, சின்னது, ஒரு குழந்தையின் கால்கூட.

"குடும்பத்தோட அனுப்பறான்," என்றாள்.

நான் சொல்லிப் பார்த்தேன். குளித்துவிட்டு வருகிறவர்கள் நிழலுக்கு ஒதுங்கியிருப்பார்கள், எங்கே போனாலும் எட்டிப் பார்ப்பது அவர்கள் பழக்கம் என்றேன். எண்ணெயைக் கையில் எடுத்துக்கொண்டா நிழலுக்கு ஒதுங்குவார்கள் என்று கேட்டாள்.

ஜூலை நடுவில் ஒரு நாள், கடைக்கு வந்தவர்களைக் காக்க வைத்துவிட்டு, துறைமுகத்தில் வாங்கிய பித்தளைப் பூட்டைக் கொண்டுபோய்க் கோயில் கதவில் மாட்டினாள். பழைய இரும்புச் சாவி எப்போதும் கதவிலேயே செருகியிருக்கும். அதையும் உருவி இடுப்பில் கட்டிக்கொண்டாள்.

எங்கள் தீவில் சிற்றாலயத்தைப் பூட்டுகிற வழக்கம் கிடையாது. காற்று கிளம்பினால் படகை இழுத்துப் போட்டுவிட்டு மீன்காரன் அங்கேதான் படுப்பான். ஆடு மேய்க்கிறவன் மத்தியானத்துக்கு அங்கேதான் ரொட்டியைப் பிரிப்பான். சாவியைத் திருப்பி உள்ளே போய், வரும்போது கதவைச் சாத்த வேண்டும், அவ்வளவுதான். பூட்டியது யாக்குமிஸுக்குத்தான் முதலில் தெரிந்தது. நடு மத்தியானம், அறுபத்தொரு வயது மனிதர், கையில் ரொட்டியோடு கதவைத் தள்ளிப் பார்த்திருக்கிறார். பிறகு வெயிலிலேயே உட்கார்ந்து தின்றுவிட்டு, ஆட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

பத்து நாள் கழித்து மரூசோ மனுவை எடுத்துக்கொண்டு அவர் கொட்டிலுக்குப் போனாள். பால் கறந்துகொண்டிருந்தவர் தலை நிமிரவில்லை.

"அண்ணே, ஒரு கையெழுத்து வேணும். கோயில் எங்களுதுன்னு."

"எந்தக் கோயில்?"

"என்ன அண்ணே, சோசோன் கோயில்."

"நான் சின்னப் பையனா இருந்ததுலேர்ந்து உங்கம்மா வச்சிருந்த கோயில் திறந்து கிடந்தது. அதுக்குக் கையெழுத்துப் போடச் சொல்லு, ரெண்டு கையாலயும் போடறேன். பூட்டின கோயில் யாருதுன்னு எனக்குத் தெரியாது, தங்கச்சி."

"திருட்டுத்தனமா விளக்கேத்தறாங்க, அண்ணே."

அப்போதுதான் தலை நிமிர்ந்தார். "விளக்கை அணைச்சா திருட்டு. ஏத்தறது எப்படித் திருட்டாகும்?"

மரூசோ மனுவை மடித்துக்கொண்டு வந்துவிட்டாள். பூட்டைத் திறந்தால் நிகீதாஸ் ஆள் வந்து விளக்கேற்றுவான். திறக்காவிட்டால் யாக்குமிஸ் கையெழுத்துப் போடமாட்டார். ஆகஸ்ட் முழுவதும் இந்த இரண்டுக்கும் நடுவே அவள் இளைத்துப் போனாள். சாமியார் பிரசங்கத்தில் பெயர் சொல்லாமல் பூட்டைப் பற்றிப் பேசினார். மீன்காரர்கள் அவள் கடைக்கு மீன் போடுவதை நிறுத்தினார்கள். "மரூசோ, கடலுக்கு எப்ப பூட்டுப் போடப்போறே? சொல்லிட்டா குளிச்சுட்டு வந்துடுவோம்," என்று என் பஸ் ஜன்னலிலிருந்து ஒருத்தன் கத்தினான். அவள் ஒரு தர்ப்பூசணித் தோலை அவன்மேல் விட்டெறிந்தாள்.

ஆகஸ்ட் கடைசியில் பெல்ஜியத்திலிருந்து வந்த ஒரு இளம் தம்பதி கடைக்கு வந்தார்கள். பெண்ணின் கையில் ஒரு சின்ன எண்ணெய்க் குப்பி. கோயில் பக்கம் கையைக் காட்டி, சாவி திருப்புவது போல விரலைத் திருப்பிக் காட்டினாள்.

மரூசோ கரண்டியைக் கீழே வைத்தாள். "யார் அனுப்பினது?"

அவர்களுக்கு எங்கள் மொழி தெரியாது. பெண் சிரித்துக்கொண்டே பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள். இங்கிலீஷில் அச்சடித்த தாள். ஒன்று முதல் பத்து வரை எண் போட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்னப் படம். காற்றாலைக்கு எதிரே சூரியன் இறங்குவது, மூழ்கின கப்பல் தெரிகிற குடா, கல் அடுப்பில் சுடுகிற ஆட்டிறைச்சி. ஆறாவது படத்தில் அவளுடைய கோயில். தாளின் அடியில் நிகீதாஸின் பன்னிரண்டு அறைகளின் படம்.

நான் பஸ்ஸைத் திருப்பிக்கொண்டிருந்தேன். மரூசோ கடையை அப்படியே போட்டுவிட்டு, அடுப்பை மட்டும் அணைத்துவிட்டு ஏறினாள். தம்பதியையும் ஏறச் சொன்னாள். சாட்சிக்காம். பாவம், ஏதோ சுற்றிக் காட்டப் போகிறாள் என்று நினைத்து அவர்களும் ஏறிவிட்டார்கள்.

துறைமுகக் காபிக்கடையில் வழக்கமான கூட்டம். நிகீதாஸ் வாசல் மேஜையில் உட்கார்ந்திருந்தான். மரூசோ தாளை அவன் காபிக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்துத் தட்டினாள்.

"இது என்னடா?"

"இதுவா? தீவுல செய்ய வேண்டிய பத்து விஷயம்க்கா. எல்லா அறையிலயும் வச்சிருக்கோம். வர்றவங்க என்ன பண்றதுன்னு கேக்கறாங்க இல்ல?"

"ஆறாவது என்ன?"

நிகீதாஸ் தாளைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தான். அவனுக்கும் இங்கிலீஷ் தெரியாது என்பது கடையில் எல்லோருக்கும் தெரியும். படத்தைப் பார்த்தான். சுற்றிலும் பார்த்தான். பத்து வருஷமாகச் சொல்லிவந்ததை ஊர் முன்னால் நிலைநாட்ட நல்ல சமயம் என்று அவனுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

"ஆமா, நான்தான் போட்டேன்," என்றான் சத்தமாக. "என் கோயிலுக்கு என் விருந்தாளிங்கள அனுப்பறேன். என் வீட்டு எண்ணெயைக் குடுத்து அனுப்பறேன். அதுல உனக்கென்ன? பொதுக் கோயில்தானே?"

"கேட்டீங்களா எல்லாரும்? அவன் வாயாலயே சொல்லிட்டான்."

"இன்னொரு தடவை வேணும்னாலும் சொல்றேன். ஃபெவ்ரோனியா! இங்க வாம்மா. இதை எல்லாருக்கும் படிச்சுக் காட்டு."

ஃபெவ்ரோனியா அவன் மருமகள், தெசலோனிக்கி நகரத்துக்காரி. கல்யாணமாகி வந்து இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. தாளை எழுதியதே அவள்தான். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, ஆறாவதைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி நிறுத்தி நிறுத்தி எங்கள் மொழியில் படித்தாள்.

"புனித சோசோன் கோயிலில் விளக்கேற்றுங்கள். கடற்கரையில் கடை வைத்திருக்கும் திருமதி மரூசோவின் குடும்பக் கோயில் இது. அவருடைய தாயார் வழியில் வந்தது. சாவி கதவிலேயே இருக்கும். வெறுங்கையோடு போவது இங்கே வழக்கமில்லை. எங்களிடம் ஒரு குப்பி எண்ணெய் வாங்கிச் செல்லுங்கள்."

கடை மூலையில் யாரோ சிரித்தார்கள். அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள். விஷயம் தெரியாத பெல்ஜியத் தம்பதியும் சேர்ந்து சிரித்தார்கள்.

"யார் உன்னை இப்படி எழுதச் சொன்னது?" என்றான் நிகீதாஸ். அவன் கழுத்து சிவந்துவிட்டது.

"நீங்கதான் மாமா. ஏப்ரல்ல கேட்டேனே, அந்தக் கோயிலைப் பத்தி யாரைக் கேக்கறதுன்னு. போய் மரூசோவைக் கேளு, அவதான் எல்லாம் பாத்துக்கறா, எனக்கு நேரமில்லைன்னு சொன்னீங்க. போய்க் கேட்டேன். அத்தைதான் 'எங்கம்மா சீதனம்'னு சொன்னாங்க, எழுதிட்டேன். சரியாத்தானே இருக்கு, அத்தை?"

ஏப்ரலில் இந்தப் பெண் நோட்டுப் புத்தகத்தோடு வந்து கேள்வி கேட்டதும், எதற்குக் கேட்கிறாள் என்று தான் ஒரு வாரம் யோசித்ததும் மரூசோவுக்கு நினைவு வந்திருக்க வேண்டும். மேஜையில் இருந்த தாளை எடுக்க நிகீதாஸ் கையை நீட்டினான். அதற்குள் அவள் அதை மடித்து மார்புக்குள் செருகிக்கொண்டாள். அன்று சாயங்காலமே பன்னிரண்டு அறைகளிலிருந்தும் தாள்கள் காணாமல் போயின. ஆனால் ஏற்கெனவே ஊர் திரும்பிவிட்ட விருந்தாளிகளில் எத்தனை பேர் அதைக் கையோடு கொண்டுபோனார்கள் என்பது நிகீதாஸுக்கே தெரியாது.

திரும்பி வரும்போது மரூசோ என் இருக்கைக்குப் பின்னால் உட்கார்ந்தாள். சந்தோஷப்படுவாள் என்று எதிர்பார்த்தேன்.

"அந்தப் பொண்ணு படிச்சது அதுல இருக்கறதுதானா?" என்றாள்.

"பின்ன?"

"அவன் மருமகதானே. அங்க ஒண்ணு எழுதிட்டு, நம்மகிட்ட வேற படிச்சா?"

அன்றைக்குப் பஸ்ஸிலேயே பெல்ஜியத் தம்பதியிடம் அந்த வரியைக் காட்டி, மரூசோ என்ற பெயர் எங்கே இருக்கிறது என்று விரலால் தொடச் சொன்னாள். மறுநாள் மருந்துக்கடைக்காரரிடம் படிக்கச் சொன்னாள். அதற்கு மறுநாள் பள்ளி ஆசிரியையிடம். இரண்டு பேரும் ஃபெவ்ரோனியா படித்ததையே சொன்னார்கள். ஆசிரியையும் மருந்துக்கடைக்காரரும் ஒரே தெரு என்பது அவளுக்குக் கொஞ்சம் உறுத்தியது. இருந்தாலும் இன்ஜினியரிடம் போனாள். அவர் தாளைப் பார்த்துவிட்டு, "மனுவோட இதையும் வைக்கலாம். நிகீதாஸ் ஆட்சேபணை சொன்னா இதுவே பதில். ஆனா பக்கத்து நிலத்துக்காரர் கையெழுத்து இல்லாம முடியாதும்மா," என்றார்.

கெடுவுக்குப் பதினொரு நாள் இருந்தது.

மறுநாள் காலை முதல் நடையில் நான் போய்ச் சேர்ந்தபோது கடை திறக்கவில்லை. மரூசோ கோயில் வாசலில் நின்றிருந்தாள். பித்தளைப் பூட்டைக் கழற்றிவிட்டாள். இடுப்பிலிருந்து இரும்புச் சாவியை அவிழ்த்துக் கதவில் செருகினாள். எடுத்தாள். மறுபடியும் செருகினாள். பிறகு கீழே இறங்கி வந்து, கோயில் தெரிகிற மாதிரி நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள்.

"திறந்துட்டே போல," என்றேன்.

"ஏத்தறவன் என் பேரைப் படிச்சுட்டு ஏத்தினா ஏத்தட்டும்," என்றாள். "படிக்காதவன் யாருன்னு நான் பாக்கறேன்."

யாக்குமிஸ் இரண்டு நாள் வரவில்லை. மரூசோ போய்க் கூப்பிடவும் இல்லை. கூப்பிட்டால் அவருக்காகத்தான் திறந்தாள் என்று ஆகிவிடுமாம். மூன்றாம் நாள் மத்தியானம் ஆடுகள் சரிவில் இறங்கின. அவர் சாவியைத் திருப்பி உள்ளே போனார். ரொட்டி தின்கிற நேரம் உள்ளே இருந்தார். வெளியே வந்து கதவைச் சாத்திவிட்டு நேராகக் கடைக்கு வந்தார். நான் அப்போது அங்கே அடை தின்றுகொண்டிருந்தேன்.

"எங்க அந்தக் காகிதம்?"

மரூசோ மனுவை மேஜையில் விரித்தாள். மேஜை ஈரமா என்று முதலில் கையால் தடவிப் பார்த்தாள். யாக்குமிஸ் என் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, எழுத்தெழுத்தாகத் தன் பெயரை எழுதினார். மரூசோ ஊதி மையைக் காயவைத்தாள். அவள் காகிதத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள்.

"இப்ப சொல்லலாம்," என்றார் யாக்குமிஸ், உட்கார்ந்து தண்ணீரைக் குடித்துவிட்டு. "மே மாசம் நிகீதாஸ் என்கிட்ட வந்தான். கையெழுத்துப் போடாதேன்னான்."

மரூசோ காகிதத்தைக் கீழே இறக்கினாள். "மே மாசமா? இத்தனை நாள் ஏன் சொல்லலை?"

"சொல்லியிருந்தா கோயிலை விட்டுட்டு என்னையில்ல பூட்டியிருப்பே?"

"என்ன குடுக்கறேன்னான்?"

"ஒரு கிடா வாங்கித் தர்றேன்னான். போடான்னுட்டேன்."

அவள் மனுவை நான்காக மடித்தாள். நிலத்தைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள், மேலே கோயிலைப் பார்த்தாள். நான் கவனித்தவரை அந்தக் கோடையிலேயே அவளுக்கு உண்மையாகக் கோபம் வந்தது அப்போதுதான்.

"ஒரே ஒரு கிடாவா?" என்றாள்.